மதுரைக் குன்றுகளும் பசுமை நடையும்

(தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன்)

மதுரை மாநகரைச் சுற்றிக் குன்றுகள் பல நிற்கின்றன. வடகிழக்கே படுத்த களிறு போன்ற யானைமலை, தென்மேற்கே திருப்பரங்குன்றம், மேற்கே கீழக்குயில்குடியின் சமணமலை, வடக்கே, வானம் தெளிந்த நாளில் நீலத் திரைபோல் தோன்றும் அழகர்மலை. எம் கல்லூரியின் மேல்மாடத்தில் ஏறி நோக்குவார்க்கு இவற்றுள் ஒன்றேனும் புலனாகாமற் போகாது. இலக்கண வகுப்பில் ஆசிரியர் புணர்ச்சி விதிகளை விரித்துரைக்கும் நண்பகற் பொழுதில், சாளரத்தின் வழியே யானைமலையை நோக்கி இளைப்பாறுவோர் என்னொடு பயிலும் மாணவருட் பலர் உளர். (அவர்தம் பெயர் கூறேன், அவர்களும் இம்மலரைப் படிப்பர்.) ஆயினும் நாள்தோறும் காணும் பொருளை நாம் அறிந்திருக்கின்றோம் என்று கொள்ளுதற்கில்லை.

நெடுஞ்செழியன் என்னும் பெயரைச் சங்கத் தொகை நூல்களிற் பலகாற் படிக்கின்றோம், தேர்வுக்கு எழுதுகின்றோம். அப்பெயர் எம் கல்லூரி வாயிலினின்றும் ஒரு மணி நேரப் பயணத்தில், மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரத்துக் குன்றில், கல்லிற் பொறிக்கப்பட்டு நிற்கின்றது என்பதை முதலாண்டு வகுப்பிற் சேர்ந்தபோது யான் அறிந்திலேன்; என் விடுதி நண்பரும் அறிந்திலர். அக்குன்றில் ஆறு கல்வெட்டுக்கள் உள. கணி நந்தன் என்னும் துறவிக்கு நெடுஞ்செழியனின் அலுவலன் ஒருவன் உறையுள் அமைத்துத் தந்த செய்தியை அவற்றுள் ஒன்று கூறும். வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினர் தந்த கொடையைப் பிறிதொன்று கூறும். அவை கி.மு. 2-ஆம் நூற்றாண்டின என்பது ஐராவதம் மகாதேவனார் கருத்து. எழுத்து தமிழி, மொழி தமிழ். செழியன் என்று நாம் எழுதுவது அங்கே ‘சழியன்’ என நிற்கின்றது. மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இல்லை. ‘மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்’ என்பதன் பொருளை மூன்று திங்கள் மனனஞ் செய்த எனக்கு, புள்ளி தோன்றுவதற்கு முன்பிருந்த தமிழைக் கண்ணெதிரே கண்டபோது உண்டான மயக்கம் இன்னும் முற்றத் தெளியவில்லை.

இக்கல்வெட்டுக்களை ராபர்ட் சுவெல் என்னும் ஆங்கிலேயர் 1882-ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். பாண்டி நாட்டுக் குகைகளில் உள்ள இத்தகைய எழுத்துக்கள் தமிழ்மொழியினவே என்பதைக் கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924-ஆம் ஆண்டு சென்னையிற் கூடிய கீழ்த்திசை அறிஞர் மாநாட்டில் எடுத்துரைத்தார். நெடுஞ்செழியன் பெயரை மகாதேவனார் படித்து வெளியிட்டது 1960-களில். கண்டது முதற் படித்தது வரை எண்பதாண்டுகள் கழிந்தன என்பதை எண்ணுக. அவ்வெண்பதாண்டுகளிலும் அக்குன்றின் அடிவாரத்தில் ஆடு மேய்த்தவரும் புல் அறுத்தவரும் அப்பாறையின் நிழலிற் படுத்து உறங்கினரே அன்றி, தாம் தலைவைத்த கல்லின் செய்தியை அவர்க்கு உரைத்தார் ஒருவரும் இலர். அறிஞர்கள் தம் முடிபுகளை அறிஞர்க்கே எழுதினர். அது குற்றமன்று, அவர் தொழில் அது. எனினும் அம்முடிபுகளை ஊராரிடம் கொண்டு சேர்ப்பதற்கு வேறொரு வகைக் கூட்டத்தார் வேண்டியிருந்தனர்.

வரலாற்றுச் சங்கம் என்று சொன்ன அளவில் நம் மனத்தில் எழுவது பழங்கட்டடம் ஒன்றும், பூட்டிய அலமாரிகளும், தலைவர் செயலாளர் என்னும் வரிசையுமே. அத்தகைய சங்கங்கள் செய்த தொண்டு சிறிதன்று. புனா நகரில் 1910-ஆம் ஆண்டு ராஜவாடே முதலியோர் நிறுவிய பாரத இதிகாச சம்சோதக மண்டலம் மராட்டிய நாட்டின் பழஞ்சுவடிகளைத் திரட்டிக் காத்தது. நம் நாட்டில், தஞ்சையைத் தலையிடமாகக் கொண்ட தொல்லியல் கழகத்தார் 1991 முதல் ‘ஆவணம்’ என்னும் இதழை வெளியிட்டு, புதிதாய்க் கிடைக்கும் கல்வெட்டுக்களையும் செப்பேடுகளையும் பதிவு செய்து வருகின்றனர். யான் ஈண்டு எழுத எடுத்துக்கொண்ட ‘பசுமை நடை’ இவற்றொடு ஒருங்குவைத்து எண்ணத்தக்கதன்று. அவர் கண்டெடுப்போர் அல்லர். பிறர் கண்டதை நடந்து சென்று காட்டுவோர்.

அது தோன்றிய வரலாறு சுருங்கியது. 2010-ஆம் ஆண்டில் யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் ஒன்று அமைக்கும் திட்டம் எழுந்தது. மலையடிவாரத்து ஊரார் அதனை எதிர்த்தனர். அவ்வமயம் மதுரை எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் அம்மலையின் தொன்மை பற்றி ஓர் இதழிற் கட்டுரை வரைந்தார். அதனைப் படித்தோர் பலர், “இம்மலையை இதுகாறும் கண்டும் காணாதிருந்தோமே, எம்மை அழைத்துச் செல்க” என்று வேண்டினர். அவ்வேண்டுகோளினின்றே நடை பிறந்தது. திட்டம் நிறைவேறவில்லை, மலை நிற்கின்றது, நடையும் நின்றுவிடவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு குன்று அல்லது ஒரு பழைய இடம் என்னும் முறை அதன்பின் வேரூன்றிற்று.

யானைமலையின் அடியில் நரசிங்கப் பெருமாளுக்கு ஒரு குடைவரைக் கோயில் உண்டு. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி என்பான் அதனைக் குடைவித்தான், கி.பி. 770-ஆம் ஆண்டின் கல்வெட்டு அதனைக் கூறும். பணி முற்றுமுன் அவன் இறந்தான். அவன் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்துக் குடமுழுக்குச் செய்தான். அதே மலையின் மேற்பகுதியிற் சமண உருவங்களும், அவற்றுக்கும் முந்திய தமிழி எழுத்தும் உள. ஒரு மலைக்கு இத்தனை உரிமையாளர் இருந்துளர் என்பதை அறியாமலன்றோ அதனை வெறுங்கல் என்று கருதித் திட்டம் தீட்டினர்!

நிற்க. யான் முதன்முதல் இந்நடையிற் கலந்துகொண்டது முதலாண்டு மாணவனாய் இருந்த காலத்தில். விடுதியில் என்னொடு உறையும் அண்ணன் ஒருவர் அழைத்தமையாற் சென்றேன். தமிழ்ப் பற்றினாற் சென்றேன் என்று கூறின் அது பொய்யாகும். விடியுமுன்னரே ஓரிடத்திற் கூடினோம். மருத்துவர், வழக்கறிஞர், கடைக்காரர், பள்ளியாசிரியைகள், தோளிற் குழந்தையைச் சுமந்த தந்தையர், கோலூன்றிய முதியோர் எனப் பல்வகையினர் இருந்தனர். சந்தா என்று எவரும் என்னிடம் யாதும் கேட்டிலர்; பெயரையுங் கேட்டிலர். குன்றின்மேல் ஏறி அமர்ந்தவுடன், அவ்விடத்துக் கல்வெட்டின் வாசகமும் விளக்கமும் அச்சிட்ட தாள் ஒன்று ஒவ்வொருவர்க்கும் தரப்பட்டது. தொல்லியல் துறையிற் பணியாற்றி ஓய்வுபெற்ற சொ. சாந்தலிங்கம் பாறையின் அருகில் நின்று, எழுத்து எழுத்தாய்க் காட்டிப் பொருள் கூறினார். தாளையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்து, ‘இஃது மகரம், இஃது ளகரம்’ என்று சிறுவர்கள் கூவியது தேர்வு முடிந்த மண்டபத்து ஆரவாரம் போன்றிருந்தது. இறங்கிய பின் மரநிழலில் காலையுணவு. அவ்விடத்திற் குப்பை ஒன்றும் விடாது பொறுக்கிச் சென்றனர். இவ்வளவே அவர்தம் சடங்கு.

ஞாயிறு வைகறை என்பது கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தவனுக்கு ஓர் இடர். எம் ஊர்த் திருச்சபையில் ஆராதனை ஒன்பதரை மணிக்குத் தொடங்கும்; பாடகர் குழுவில் எனக்கோர் இடமும் உண்டு. இரண்டாம் முறை நடைக்குச் சென்று, புழுதி படிந்த காலுடன் இரண்டாம் பாமாலையின்போது பக்கவாயில் வழியே நுழைந்தேன். போதகர் ஐயா ஆராதனை முடிந்தபின் என்னை அழைத்தார். கடிந்துரைப்பார் என்று எண்ணிச் சென்றேன். அவரோ, “எங்கு போய் வந்தாய்?” என்று வினவி, என் சட்டைப்பையிலிருந்த தாளை வாங்கி முழுதும் படித்தார், படித்தபின் அதனைத் திருப்பித் தரவில்லை. அடுத்த மாதம், “தாள் இரண்டு வாங்கி வா, தம்பி, ஒன்பது இருபதுக்குள் வா” என்றார். அன்று முதல் அவ்வொப்பந்தம் எம்மிடையே நிலவுகின்றது. சமணத் துறவியரின் கற்படுக்கையைக் கண்டு வருதல் என் விசுவாசத்திற்கு ஊறு செய்யுமோ என்று உறவினர் சிலர் ஐயுற்றதுண்டு. உண்ணாநோன்பும் தனிமையும் பூண்டு வெறும் பாறையிற் படுத்த ஒருவரின் படுக்கை, வனாந்தரத்து நாற்பது நாளைப் படித்து வளர்ந்தவனுக்கு அந்நியமாய்த் தோன்றவில்லை என்பதே யான் அவர்க்குக் கூறும் விடை.

கீழக்குயில்குடிக்குச் சென்ற நாளை விரித்துரைத்தல் வேண்டும். சமணமலையின் அடியில் அல்லிக்குளம்போல் தாமரை பூத்த குளமும், அதன் கரையில் அய்யனார் கோயிலும், முதிர்ந்த ஆலமரமும் உள. மலையின் ஒருபால் செட்டிப்புடவு என்னும் குகை. மற்றொருபால் பேச்சிப்பள்ளம் என்னும் இடம். பேச்சிப்பள்ளத்தில் எட்டு உருவங்கள் பாறையில் வரிசையாய்ச் செதுக்கப்பட்டுள்ளன, கீழே வட்டெழுத்து, ஒவ்வோர் உருவத்தையும் செய்வித்தவர் இன்னார் என்பது அவ்வெழுத்தின் செய்தி. மலையுச்சியிற் கன்னட எழுத்தும் உண்டு என்றால், அந்நாளில் எத்துணைத் தொலைவிலிருந்து துறவியர் இங்கு வந்தனர் என்பதை உய்த்துணரலாம். செட்டிப்புடவின் வாயிலில் அமர்ந்த நிலையில் உள்ள தீர்த்தங்கரரின் பெரிய உருவத்தை, நீண்ட காதும் செழித்த மேனியும் கண்டு, ஊரார் ‘செட்டியார்’ என்றே வழங்கி வந்துள்ளனர். குகைக்கும் அதனாற் பெயர் வந்தது.

யாங்கள் படியேறும்போது ஆடு ஓட்டிவந்த மூதாட்டி ஒருவர், “செட்டியாரைப் பாக்க வந்தீகளா? பாத்துட்டு வாங்க, கல்லு வழுக்கும்” என்றார். எம்முள் நகரத்து இளைஞர் ஒருவர், “அவர் செட்டியார் அல்லர், பாட்டி, மகாவீரர்” என்று திருத்தினார். மூதாட்டி சற்றே நின்று, “இருக்கட்டும்ப்பா. நீங்க மாசத்துக்கு ஒருநா வாறீக. நாங்க தெனம் பாக்குறோம். எங்களுக்குச் செட்டியாருதேன்” என்று கூறி ஆட்டின் பின்னே சென்றுவிட்டார். இளைஞர் நகைத்தார், எனக்கு நகை தோன்றவில்லை. சமணம் இவ்வூரினின்றும் மறைந்து பன்னூறாண்டு கழிந்தும் அவ்வுருவத்தின் மூக்கும் விரலும் சிதையாது நிற்பதற்குக் காரணம் யாது? சட்டம் வந்தது அண்மையில். அதற்கு முன் காத்தது அம்மூதாட்டியின் குலமன்றோ? அவர் வைத்த பெயர் பிழையாயினும் அவர் கொண்ட உறவு பிழையன்று. நடையினர் இதனை உணர்ந்திருந்தனர் என்பதற்குச் சான்று, அதே ஆலமரத்தடியில் 2013-ஆம் ஆண்டு அவர்கள் எடுத்த விருட்சத் திருவிழா. மரத்தையே விழாவின் நாயகராக்கி, ஊர்ச் சிறுவரையும் நகரச் சிறுவரையும் ஒருங்கே அமர்த்தினர் என முன்பிருந்தோர் இன்றும் பேசுகின்றனர். ‘மதுர வரலாறு’ என்னும் நூலையும் அவர்கள் வெளியிட்டனர். மதுரை என்று திருத்தாமல், ஊரார் நாவில் வழங்கும் ‘மதுர’ என்பதையே அட்டையில் இட்டமை எனக்கு மிகவும் உவப்பு.

கூட்டம் பெருகப் பெருகக் குறைகளும் புகுதல் இயல்பு. முன்னிற்போர் எழுத்தைக் காண்பர். பின்னிற்போர் முன்னிற்போரின் முதுகைக் காண்பர். கற்படுக்கையில் படுத்துக் கைபேசியிற் படம் எடுத்துக்கொள்வதே சிலர்க்கு நோக்கம். அவர்களை விலக்குவதற்கே தொண்டர்களின் குரல் பாதி செலவாகும். ஒரே நாளிற் சில நூறு பேர் ஏறினால் குன்றுக்கே அது நன்றா என்னும் வினாவும் எனக்கு உண்டு. எனினும் இவை சிறிய குறைகள். பெரிய வினா ஒன்றை என் தந்தையாரிடமிருந்து கற்றேன். அதனை எழுதவே இக்கட்டுரையைத் தொடங்கினேன் எனலாம்.

எம் ஊர் மேலூருக்குக் கிழக்கே உள்ளது. எந்தையார் பதினான்காண்டுகள் கிரானைட் குவாரி ஒன்றிற் கல்லுடைத்தவர். அக்கூலியில்தான் எம் வீட்டுக்கு ஓடு வேய்ந்தனர். என் தமக்கையார் பள்ளிக்குச் சென்றார். 2012-ஆம் ஆண்டில், முறைகேடுகள் பற்றிய விசாரணை எழுந்து மேலூர் வட்டாரத்துக் குவாரிகள் மூடப்பட்டபோது எனக்கு ஆறு வயது. நாளேடுகள் அதனை வெற்றி என்று எழுதின. குன்றுகளும் கண்மாய்களும் அழிந்த அளவை நோக்கின் அவ்வாறு எழுதியது முறையே. ஆயினும் எம் தெருவில் அவ்வாண்டுக் கிறிஸ்துமசுக்குப் புத்தாடை உடுத்த வீடுகள் மூன்றோ நான்கோதான். எந்தையார் மதுரைக்குக் கட்டட வேலைக்குச் சென்றார். மண்ணும் சிமெண்டும் கலந்து சுமந்தார். கல்லின் வாட்டம் அறிந்த கைக்கு அவ்வேலை எத்துணை இழிவாய்த் தோன்றியிருக்கும் என்பதை அவர் வாய்விட்டுக் கூறியதில்லை. உளிகளை எண்ணெய் தடவிச் சாக்கிற் சுற்றிப் பரண்மேல் வைத்தார்.

இத்தகையவரை நடைக்கு அழைத்தல் எவ்வாறு? அவ்வாண்டில் நடை கீழவளவுக்குச் சென்றது. அவ்வூர் எம் வீட்டினின்றும் மிதிவண்டித் தொலைவு. “அப்பா, நீங்களும் வாங்க” என்றேன். “அந்த மலைய நான் பாக்காததா?” என்றார், பின்னர் என்ன நினைத்தாரோ, சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

கீழவளவின் பஞ்சபாண்டவர் மலை தனித்து நிற்கும் பாறைக்குன்று. தொண்டியைச் சார்ந்த சமண அடியவன் ஒருவன் அமைத்த பள்ளி என்பதைத் தமிழி எழுத்துக் கூறுகின்றது. தொண்டி கீழைக்கடல் துறைமுகம். மேலே சமண உருவங்கள்; கீழே தலையணையொடு கூடிய கற்படுக்கைகள். குன்றைச் சுற்றிலும் குவாரிப் பள்ளங்கள். பசிய நீர் தேங்கி, சுவர்போற் செங்குத்தாய் அறுத்த விளிம்புகளுடன் கிடப்பவை. அறிஞர் எழுத்தை விளக்கிக்கொண்டிருந்தார். எந்தையார் எழுத்தை நோக்கவில்லை. கற்படுக்கையின் ஓரத்தில் மண்டியிட்டு, உள்ளங்கையால் அதனைத் தடவிப் பார்த்து, பின் என்னை நோக்கி மெல்லிய குரலில், “இதச் செஞ்ச ஆளு அவசரப்படல, தம்பி. பாரு, உளி ஒரே சாய்வுல போயிருக்கு. இங்க வந்து கை மாறுது, ரெண்டாவது ஆளு இடக்கைக்காரன்” என்றார்.

அருகிருந்த தொண்டர் ஒருவர் அதனைக் கேட்டுவிட்டார். விளக்கம் முடிந்தவுடன், “இந்த ஐயா கல்வேலை அறிந்தவர், கல்லை எவ்வாறு உடைத்தனர் என்று கூறுவார்” என்று அறிவித்து ஒலிபெருக்கியை எந்தையார் கையிற் கொடுத்தார். அவர் அதனை வாங்கிக் கீழே வைத்துவிட்டுத் தம் குரலிலேயே பேசினார். முதலிற் கல்லின் வாட்டம் பார்த்தல் வேண்டும். வாட்டத்தின் வழியே ஒரு நேர்கோட்டிற் குழிகள் இடுதல் வேண்டும். ஒவ்வொரு குழியிலும் ஆப்பை வைத்து, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே அளவாய் அடித்துச் செல்லுதல் வேண்டும். ஓர் ஆப்பை மட்டும் மிகுதியாய் அடித்தாற் கல் கோணிப் பிளக்கும். “அடிக்க அடிக்கச் சத்தத்தைக் கேக்கணும். கல்லு ஒடையிறதுக்கு முன்னாடி கொரலு மாறும். அப்ப நிறுத்திட்டுக் காத்திருக்கணும், மிச்சத்த அதுவே பாத்துக்கும்” என்றார். எம் கல்லூரியில் இரண்டாண்டுகளாய்ப் பல பேருரைகளைக் கேட்டுள்ளேன். அன்று பாறைமேல் நிலவிய அமைதியை எந்த மண்டபத்திலும் கண்டதில்லை.

இறங்கும்போது எந்தையார் பள்ளம் ஒன்றைச் சுட்டினார். “அங்ஙன ஒரு மல இருந்துச்சு. நான் மேல உக்காந்து சோறு தின்ன மல. நாங்கதான் தின்னு தீத்தோம்.” சிறிது தூரம் நடந்தபின், தொல்சின்னம் என்று அறிவிக்கும் பலகையின் அருகில் நின்று, “எழுத்து இருந்த பாற தப்பிச்சிருச்சு. எழுத்து இல்லாத பாற என்ன பாவம் பண்ணுச்சு?” என்றார். அருகில் வந்த எவரும் விடை கூறவில்லை. உணவருந்தும்போது மீண்டும் அவரே, எவரையும் குறிக்காமல், “மலையக் காப்பாத்தணுங்கிறீக. சரி. மல வெட்டுனவன் வீட்டுல அன்னைக்கி அடுப்பு எரிஞ்சுச்சான்னு ஒருத்தரும் கேக்கலையே” என்றார். அவருக்கு இலைபோட்டுப் பரிமாறிய அம்மையார், ஓய்வுபெற்ற ஆசிரியை, கரண்டியை வைத்துவிட்டு எதிரில் அமர்ந்து, “நீங்கள் சொல்வது மெய்தான், யாரும் கேட்டிருக்க மாட்டோம்” என்றார். பின் இருவரும் வெகுநேரம் கூலிக் கணக்கைப் பேசினர்.

இவ்விரு வினாக்களும் வரலாற்றுச் சங்கம் ஒவ்வொன்றும் எதிர்கொள்ள வேண்டியவை என்பது என் துணிபு. எழுத்துள்ள கல்லை மட்டும் போற்றுவோமாயின், எழுத்தற்ற குன்றும் அதன் சுனையும் அதனடியில் நிறையும் கண்மாயும் ஏலத்திற்குரிய பொருளாகவே எஞ்சும். இவ்வினாவுக்கு ஓரளவு விடை அரிட்டாபட்டியிற் கிடைத்தது என்று யான் கருதுவேன். அங்கே லகுலீசர் உருவத்தைக் கொண்ட பழைய குடைவரைக் கோயிலும், சமண உருவமும், தமிழி எழுத்தும் உள. ஆனால் 2022-ஆம் ஆண்டு நவம்பரில் அரிட்டாபட்டியும் மேற்கூறிய மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டபோது, எழுத்தொடு பருந்தும், குடைவரையொடு நீரூற்றும், சமண முனிவரொடு எறும்புதின்னியும் ஒருங்கே எண்ணப்பட்டன. நெடுஞ்செழியன் பெயர் நின்ற குன்று தன் சுற்றத்தோடு காப்புப் பெற்றது என்க.

அக்காப்பும் ஈராண்டில் ஆட்டங்கண்டது. 2024-ஆம் ஆண்டு நவம்பரில், நாயக்கர்பட்டி என்னும் பெயரில் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலப்பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்திற்கென ஏலத்திற் போன செய்தி வெளிவந்தது. அதனுள் அரிட்டாபட்டியும் அடங்கியது. ஊர்தோறும் கிராம சபைகள் மறுத்துத் தீர்மானம் இயற்றின. திசம்பர் 9-ஆம் நாள் சட்டமன்றமும் மறுத்தது. 2025 ஜனவரி 7-ஆம் நாள் நரசிங்கம்பட்டியினின்று ஆயிரக்கணக்கானோர் மதுரை நோக்கி நடந்து வந்தனர். எம் கல்லூரிக்கு அணித்தேயுள்ள தல்லாகுளத்தில் அவர்களை எதிர்கொள்ளச் சென்ற மாணவருள் யானும் ஒருவன். பாட்டிமார் கையிற் கருப்புக் கொடி; இளைஞர் கையிற் கற்படுக்கையின் படம். குடைவரை, சமணர், தமிழி என்னும் சொற்களை, கல்லூரி வாயிலைக் கண்டிராத உழவர்கள் தம் குளத்தின் பெயர்போல் இயல்பாய்ச் சொல்லக் கேட்டேன். இச்சொற்களை அவர்க்குத் தந்தது பசுமை நடை மட்டுமே என்று கூறத் துணியேன். அவ்வூர்களிலேயே பல்லாண்டு இதற்கு உழைத்தோர் உளர். எனினும், மாதந்தோறும் ஒரு குன்று என்று பத்தாண்டுக்கு மேலாய் விதைத்தவர்க்கும் அவ்விளைவிற் பங்குண்டு. ஜனவரி 23-ஆம் நாள் ஒன்றிய அரசு அவ்வேலத்தை நீக்கிற்று.

அக்கூட்டத்தில் எந்தையாரைக் கண்டு வியப்புற்றேன். பழைய குவாரித் தோழர் நால்வரோடு, செருப்பைக் கையிற் பிடித்துக்கொண்டு வந்தார். “நீங்க எப்படி அப்பா?” என்றேன். “வேல இல்லாம இருந்து பாத்துட்டோம், இருந்துட்டோம். தண்ணி இல்லாம இருக்க முடியாதுல்ல” என்றார். மேலும் அவர் யாதும் விளக்கவில்லை. கூலி பற்றிய அவருடைய வினாவை அவர் கைவிட்டுவிட்டார் என்று எவரும் கருதற்க. அன்று மாலையே தேநீர்க் கடையில் அதனை மீண்டும் எழுப்பினார். அவர் தோழர்கள் ஆமெனத் தலையசைத்தனர். அவ்வினாவுக்கு விடை இன்னும் எவரிடத்தும் இல்லை.

இப்பொழுது எம் தெருவில் ஓய்வுநாட் பள்ளிச் சிறுவர் பதினொருவர், மாதம் ஒருமுறை எந்தையாரோடு அருகிலுள்ள குன்றுகளுக்குச் செல்கின்றனர். எழுத்தைப் படித்துக் காட்டுதல் என் பங்கு. உளித்தடத்தைப் படித்துக் காட்டுதல் அவர் பங்கு. என் பங்கினும் அவர் பங்குக்கே சிறுவர் மிகுதியும் செவிசாய்க்கின்றனர் என்பதை வருத்தத்தோடு குறித்துவைக்கின்றேன். பரண்மேல் இருந்த சாக்கை அவிழ்த்து உளியொன்றை எடுத்து வருவார்; கல்லின்மேல் வைக்க விடார்; பிடிக்கும் முறையை மட்டும் காட்டி மீண்டும் சுற்றிவிடுவார். போதகர் ஐயாவும் ஒருமுறை உடன்வந்தார்; ஒன்பது இருபதுக்குத் திரும்பிவிட்டோம்.

எம் கல்லூரி மாணவருள்ளும் பழைய மாணவருள்ளும் வர விரும்புவோர், நடை நாளன்று வைகறை ஐந்து மணிக்கு விடுதி வாயிலிற் காத்திருக்கலாம். தண்ணீரை அவரவரே கொண்டுவருதல் நன்று. தாள் அங்கே தருவர்.